கிணற்றுக் கயிறும் பனிச்சறுக்குப் பொறியும்



கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கும் கெங்குவார்பட்டியில் பனி என்றால், மார்கழி விடியலில் ஃபஜ்ர் தொழுகைக்குச் செல்லும்போது தோள்துண்டை ஈரமாக்கும் பனிதான். பனிச்சறுக்கைத் தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. ஆகவே வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகள், உடற்பயிற்சிக் கூடத்தில் பனிச்சறுக்குப் பொறியில் புயங்களுக்குப் பயிற்சி செய்கிறோம் என்று சொன்னால், வீட்டுப் பெரியவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். அதே பிள்ளைகள் கைப்பேசியில் அந்தக் காணொளியைக் காட்டினால், சிரித்த நன்னிமார் சற்று நேரம் உற்றுப் பார்ப்பார்கள். தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இரு கைகளாலும் பற்றி, உடலை வளைத்துக் கீழே இழுத்து, மீண்டும் நிமிர்கிறான் அந்த இளைஞன். கிணற்று ராட்டினத்தில் பல ஆண்டுகள் நீர் இறைத்த கைகளுக்கு அந்த அசைவைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவையில்லை.

நாம் இங்கே சொல்ல வருவது அந்த அசைவைப் பற்றியே. வாழ்க்கை வசதிகளால் நம் வீடுகளிலிருந்து விடைபெற்றுப் போன ஓர் உழைப்பு, இயந்திர வடிவில் திரும்பி வந்திருக்கிறது. அதை வரவேற்பதா, ஆடம்பரம் என்று ஒதுக்குவதா? வரவேற்பதாயின் எந்த நிய்யத்தோடு வரவேற்பது? இவற்றை நம் குடும்பங்களில் பேசியாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

பொறியின் வரலாறும் இயல்பும்

இதன் பெயர் ஸ்கீ எர்கோமீட்டர். எர்கோமீட்டர் என்னும் சொல் கிரேக்க மொழியில் வேலை, அளவு என்னும் பொருள் தரும் இரு சொற்களிலிருந்து பிறந்தது. உழைப்பை அளக்கும் கருவி என்று நாம் அதைத் தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த கான்செப்ட்2 என்னும் நிறுவனம், துடுப்பு வலிக்கும் வீரர்கள் தரையிலேயே பயிற்சி செய்வதற்கான பொறியை 1981இல் உருவாக்கியது. பின்னர் 2009இல் அதே காற்றுச் சுழலி முறையைக் கொண்டு பனிச்சறுக்கு வீரர்களுக்கான இந்தப் பொறியை வெளியிட்டது. சமவெளிப் பனியில் நெடுந்தூரம் செல்லும் வீரர்கள் இரு கோல்களையும் ஒரே நேரத்தில் தரையில் ஊன்றித் தங்களை முன்னே தள்ளிக்கொள்வார்கள். பனி இல்லாத காலத்திலும் அந்தத் தள்ளுவிசையைப் பழகுவதற்காகச் செய்யப்பட்டதே இது.

ஆளுயரத்தை விட உயரமான ஒரு தூண்; அதன் உச்சியில் காற்றாடி போன்ற சுழல்சக்கரம்; அதிலிருந்து தொங்கும் இரண்டு கயிறுகள்; கயிற்றின் நுனியில் கைப்பிடிகள். அமைப்பு அவ்வளவே. கைப்பிடிகளை இழுக்கும்போது சக்கரம் சுழன்று காற்றை வெட்டுகிறது. அந்தக் காற்றின் எதிர்ப்பே நமக்குப் பளுவாகிறது. இரும்புத் தட்டுகளைக் கூட்டிக் குறைக்கும் வேலை இதில் இல்லை. மெதுவாக இழுத்தால் பொறி இலேசாக இருக்கும். விசையோடு இழுத்தால் அதே பொறி கனக்கும். எழுபது வயதுப் பெரியவரும் இருபது வயது இளைஞரும் எந்த மாற்றமும் செய்யாமல் அடுத்தடுத்துப் பயன்படுத்தலாம். சக்கரத்துக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்த 1 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு நெம்புகோலும், எத்தனை மீட்டர் இழுத்தோம், எவ்வளவு நேரமானது என்று காட்டும் சிறு திரையும் உண்டு.

பனியே காணாத இந்திய நகரங்களுக்கு இது ஏன் வந்தது என்றால், விளையாட்டின் போக்கு மாறியிருப்பதே காரணம். 2017இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய ஹைராக்ஸ் என்னும் உடற்திறன் போட்டி, 2025 மே மாதம் மும்பைக்கும் வந்தது. எட்டு முறை ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட வேண்டும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் ஓர் உடற்பயிற்சி. அவற்றில் முதலாவது, இந்தப் பொறியில் ஆயிரம் மீட்டர் இழுப்பது. அதற்குப் பழகும் இளைஞர்களால் பெருநகரங்களின் பயிற்சிக் கூடங்களில் இது இடம்பிடித்து வருகிறது. பனிச்சறுக்கும் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஜம்முவின் ரஜௌரியைச் சேர்ந்த நதீம் இக்பால் 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் நெடுந்தூரப் பனிச்சறுக்கில் பங்கேற்றார். நம் மலைத்தொடரின் வடக்கே, குடகில் பிறந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா அதே விளையாட்டில் இந்தியாவுக்காகப் போட்டியிட்டு வருகிறார்.

கண்ணாடி காட்டாத தசை

நம் இளைஞர்கள் பலர் பயிற்சிக் கூடத்துக்குப் போவது புயத்தின் முன்பக்கத் தசையைப் பெருக்கிக் காட்டுவதற்காக என்பதை மறைக்க வேண்டியதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, கைப்பேசியில் படம் எடுத்து, எத்தனை பேர் விருப்பக் குறியிட்டார்கள் என்று எண்ணும் பிள்ளைகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம்.

இந்தப் பொறி அந்த ஆசைக்கு அதிகம் உதவாது. கைப்பிடியைக் கீழே இழுத்து முழங்கையை நீட்டும்போது உழைப்பது புயத்தின் பின்பக்கத் தசை. ட்ரைசெப்ஸ் எனப்படும் அந்த முத்தலைத் தசையே மேற்கையின் பருமனில் பெரும்பகுதி. ஆயினும் கண்ணாடியில் நேரே நின்றால் அது தெரிவதில்லை. அதனோடு சேர்ந்து முதுகின் அகன்ற தசைகளும், தோளின் பின்புறமும், வயிற்றுத் தசைகளும் வேலை செய்கின்றன; இடுப்பும் கால்களும் துணை நிற்கின்றன. மேலும், இது தசையைப் பெருக்குவதை விடத் தசையின் தாங்குதிறனை வளர்ப்பதிலேயே சிறந்தது. ஒரே மாதத்தில் சட்டை இறுகும் புயத்தை எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். மாடிப்படியில் அரிசி மூட்டையைத் தூக்கிச் சென்ற பிறகும் மூச்சிரைக்காத உடலை விரும்புபவருக்கு இது நல்ல துணை.

உடற்பயிற்சியில் முகஸ்துதிக்கு இடம் உண்டா என்று கேட்டால், வணக்கத்தில் நுழையக்கூடிய அந்த நோய் உடற்பயிற்சியில் நுழையாது என்று எப்படிச் சொல்ல முடியும்? பிறர் பார்வைக்காக வளர்த்த புயம், பார்ப்பவர் இல்லாத இடத்தில் சோர்ந்துவிடும். நள்ளிரவில் நோயுற்ற அத்தாவைப் படுக்கையிலிருந்து தூக்கிக் கழிவறைக்கு அழைத்துச் செல்லும்போது அங்கே கண்ணாடியும் இல்லை, கைப்பேசியும் இல்லை. அந்த வேளைக்கான வலிமையைப் பற்றியே நாம் பேசுகிறோம்.

மத்யனின் நீர்த்துறை

வலிமைக்கும் நாணயத்துக்கும் உள்ள உறவைத் திருக்குர்ஆனின் 28ஆம் அத்தியாயமாகிய சூரா அல்கஸஸில் நாம் காண்கிறோம். எகிப்தைவிட்டு வெளியேறி நெடும்பயணம் செய்த மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்நிலையை அடைகிறார்கள். மேய்ப்பர்கள் முண்டியடித்துத் தங்கள் கால்நடைகளுக்கு நீர் புகட்டிக்கொண்டிருக்க, இரு பெண்கள் தங்கள் ஆடுகளைத் தடுத்து நிறுத்தி ஓரமாகக் காத்திருக்கிறார்கள். வயது முதிர்ந்த தந்தையால் வர இயலாத நிலை. களைத்துப் போயிருந்த மூஸா (அலை) அவர்கள், அந்தப் பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிக் கொடுத்துவிட்டு நிழலில் போய் அமர்கிறார்கள். கூலி கேட்கவில்லை, நின்று பேசவுமில்லை. தேவையை இறைவனிடம் மட்டுமே முறையிடுகிறார்கள்.

பின்னர் அந்தப் பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் அவரைப் பணியில் அமர்த்திக்கொள்ளுமாறு சொல்கிறார். அதற்கு அவர் காட்டும் காரணங்கள் இரண்டு: அவர் உடல் வலிமை உள்ளவர், நம்பிக்கைக்குரியவர். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்ன அந்தப் பெண்ணின் மதிநுட்பத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம்பிக்கை இல்லாத வலிமை, அந்த நீர்த்துறையில் பலவீனரைத் தள்ளிவிட்டு முன்னே சென்ற கூட்டத்தின் வலிமை. வலிமை இல்லாத நல்லெண்ணமோ ஓரமாக நின்று வருந்தும். ஆடுகளின் தாகம் தீராது. இரண்டும் ஒருவரிடம் சேரும்போதுதான் பிறருக்குப் பயன் விளைகிறது.

வலிமையுள்ள முஃமினுக்கு இறைவனிடம் உள்ள உயர்வைப் பற்றியும், அதே சமயம் வலிமை குன்றியவரிடமும் நன்மை உண்டு என்பதைப் பற்றியும் நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அந்த வலிமை முதன்மையாக ஈமானின் உறுதியைக் குறிக்கும் என்பது அறிஞர்களின் விளக்கம். ஆயினும் அகழ்ப் போரின்போது தம் கைகளாலேயே மண் சுமந்த நபியின் உம்மத், உடலைச் சிறுமையாகக் கருத இடமில்லை. உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்று கற்றவர்கள் நாம். அந்த உரிமையை இரவல் பொருளைப் போலப் பேணித் திருப்பித் தர வேண்டியவர்களும் நாமே.

நம் வீட்டுக் கிணறுகள் போன பிறகு

ஒரு தலைமுறைக்கு முன்பு நம் பகுதி வீடுகளில் நாள் தொடங்கியதே கிணற்றடியில்தான். குளிக்க, துவைக்க, சமைக்க, உளூச் செய்ய எல்லாவற்றுக்கும் வாளி வாளியாக இறைத்தாக வேண்டும். ஆட்டுக்கல்லும் அம்மியும் உரலும் அந்தக் கைகளுக்காகவே காத்திருந்தன. அந்த வாழ்வை நாம் மிகைப்படுத்திப் புகழ விரும்பவில்லை. அதில் பெண்களின் முதுகொடிந்த கதைகளும் உண்டு. மோட்டாரும் குழாயும் மிக்ஸியும் வந்தது இறைவனின் அருட்கொடையே. எவரும் பழைய கிணற்றடிக்குத் திரும்ப வேண்டியதில்லை.

ஆனால் வேலை போனபோது அதனுடன் சேர்ந்து உடலின் பயிற்சியும் போயிற்று. அதற்கு ஈடாக எதையும் நாம் வைக்கவில்லை. கடையில் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் ஆண்களும், வீட்டுக்குள்ளேயே நாள் கழியும் பெண்களும் கையைத் தலைக்கு மேலே தூக்கி விசையோடு இழுக்கும் சந்தர்ப்பம் வாரத்தில் எத்தனை முறை வருகிறது? முப்பது வயதைக் கடந்த பிறகு, பயன்படுத்தப்படாத தசை ஆண்டுக்காண்டு கரைந்துகொண்டே போகிறது என்பது மருத்துவம் அறிந்த உண்மை.

இதன் விலையை நாம் ஏற்கெனவே கொடுத்துவருகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேர் நீரிழிவோடு வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டது. நாம் உண்ணும் உணவிலிருந்து இரத்தத்தில் சேரும் சர்க்கரையைப் பெருமளவில் உள்வாங்கிக்கொள்ளும் உறுப்பு தசையே. உழைக்கும் தசை குறைந்தால் சர்க்கரை போய்ச் சேரும் இடமும் குறைகிறது. பெருநாள் பிரியாணியையும் நோன்புக்கால வடையையும் மட்டும் குற்றஞ்சாட்டிவிட்டு, அசைவற்றுப் போன நம் கைகளைக் குறித்துப் பேசாமல் இருப்பது பாதி உண்மையே. வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பில் ஈடுபடுவதோடு, குறைந்தது இரண்டு நாட்களாவது தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல். நம்மில் பலர் நடைப்பயிற்சியோடு நிறுத்திக்கொள்கிறோம். நடை நல்லதே, ஆனால் நடையில் புயம் வலுப்பெறுவதில்லை.

ஸஜ்தாவிலிருந்து எழும் கைகள்

இந்தச் செய்தியின் மையத்துக்கு இப்போது வருவோம். நம் பகுதிப் பள்ளிவாசல்களின் ஸஃப்புகளில் நாற்காலிகள் கூடிக்கொண்டே வருவதைக் கவனித்திருப்பீர்கள். இயலாதவர் அமர்ந்து தொழலாம், அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம் என்பது மார்க்கம் தந்த சலுகை. அதைப் பயன்படுத்தும் எந்தப் பெரியவரையும் குறைத்துப் பார்க்க நமக்கு உரிமையில்லை. வலியை அறிந்தவர் அவரும் அவரைப் படைத்தவனும் மட்டுமே. நம் கவலை வேறு. ஐம்பதைக்கூடத் தாண்டாத சிலர், முழங்கால் மட்டுமன்றிக் கைகளும் வலுவிழந்ததால் தரையிலிருந்து எழ முடியாமல் நாற்காலியை நாடுகிறார்களே, அதைத் தடுத்திருக்க முடியாதா?

ஸஜ்தாவில் நெற்றியும் மூக்கும் தரையில் படும்போது, முழங்கைகள் தரையில் படியாமல் உயர்ந்து நிற்க வேண்டும் என்பது ஆண்களுக்கு நபிவழி. அப்போது உடலின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவது புயமே. ஸஜ்தாவிலிருந்து நிலைக்கு எழும்போது இரு கைகளையும் தரையில் ஊன்றி எழுவது ஷாஃபிஈ மத்ஹபின் வழக்கம். நம் கம்பம் பள்ளத்தாக்கின் ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், தேவையின்றித் தரையில் கை ஊன்றாமல் எழுவதே சிறப்பு. முதுமையோ பலவீனமோ இருந்தால் ஊன்றிக்கொள்ளத் தடையில்லை. இரு மத்ஹபுகளுக்கும் நபிமொழி ஆதாரங்கள் உண்டு. எதைப் பின்பற்றினாலும், முழங்கால் வலுவிழக்கும் வயதில் நம்மைத் தரையிலிருந்து தூக்கிவிடப் போவது கைகளே.

தரையில் கை ஊன்றி எழும்போது என்ன நடக்கிறது? மடங்கிய முழங்கை நீள்கிறது, தோள் கீழ்நோக்கி அழுத்துகிறது, வயிறு இறுகுகிறது. பனிச்சறுக்குப் பொறியின் ஒவ்வோர் இழுப்பின் கடைசிக் கட்டத்திலும் நடப்பது ஏறத்தாழ இதேதான். எங்கோ பனி நாட்டில் கோல் ஊன்றி முன்செல்வதற்காக உருவான பயிற்சி, நம் அத்தாமார் தொழுகை விரிப்பிலிருந்து பிறர் உதவியின்றி எழுவதற்குப் பயன்படும் என்பதில் வியப்பில்லை. ஊன்றி எழுவது மனித உடலின் பொதுத் தேவை.

மறுப்புகளும் மறுமொழியும்

வயலிலும் தோப்பிலும் உழைப்பவருக்கு இது எதற்கு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தென்னந்தோப்பில் காய் சுமந்தும் மாந்தோப்பில் கூடை தூக்கியும் வீடு திரும்பும் தொழிலாளிக்கு வேண்டியது ஓய்வும் நல்ல உணவும் நியாயமான கூலியுமே. அவரிடம் உடற்பயிற்சி உபதேசம் செய்வது அறிவீனம். நாம் பேசுவது அந்த உழைப்பிலிருந்து விலகி வந்துவிட்ட நம்மைப் போன்றோரிடம்.

இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. தரமான பொறி ஒன்றின் விலை லட்சம் ரூபாயைத் தொடும். ஒரு குடும்பம் கடன் வாங்கி இதை வீட்டில் நிறுத்த வேண்டும் என்று நாம் சொல்லவே மாட்டோம். வாங்கிய ஆர்வம் தணிந்த பிறகு அது துணி காயப்போடும் கம்பமாகிவிடும் வீடுகளும் உண்டு. வீண்விரயத்தை வெறுக்கும் மார்க்கம் நம்முடையது. அதே அசைவை, வீட்டு உத்திரத்திலோ வலுவான சாளரக் கம்பியின் உச்சியிலோ கட்டிய பயிற்சி ரப்பர்ப் பட்டையைக் கொண்டும் செய்யலாம். அதன் விலை சில நூறு ரூபாயே. நம் முன்னோரின் தண்டாலும் கர்லாக்கட்டையும் இதே தோளையும் புயத்தையும் வளர்த்தவைதாம். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், பெரியவர்களுக்கும் ஏற்றது. பொறி இல்லை என்பது பயிற்சி செய்யாததற்குக் காரணமாகாது.

பயிற்சிக் கூடத்தின் சூழல் சரியில்லை என்பது மூன்றாவது. உரத்த இசை, அரைகுறை ஆடை, ஆணும் பெண்ணும் கலந்திருத்தல் ஆகியவற்றை எண்ணித் தயங்குபவர்களின் தயக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் தயக்கத்தோடு நின்றுவிட்டால், இளைஞர்கள் அங்கேயே போவார்கள். பெண்களும் பெரியவர்களும் எங்கும் போகாமல் வீட்டிலேயே நோயுறுவார்கள். மாற்று ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர்கள் நாமே.

பெண்களுக்கும் இயலாதோருக்கும் ஓர் இடம்

ஆதலால் நம் மஹல்லா ஜமாஅத்துகளின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நிக்காஹ் மண்டபங்களும் மதரஸா அறைகளும் வாரத்தின் பல மணி நேரம் பூட்டியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றைக் காலையில் இரண்டு மணி நேரம் பெண்களுக்கென்றும், மாலையில் ஆண்களுக்கென்றும் திறந்துவைத்தால் என்ன? தொடக்கத்தில் நான்கு விரிப்புகளும் பத்து ரப்பர்ப் பட்டைகளும் போதும். ஆர்வம் நிலைத்து, வசதியுள்ளோர் முன்வந்தால், ஒரு பொறியைப் பொதுவில் வாங்கி வைக்கலாம். மின்சாரம் இல்லாமலே அது இயங்கும். இடமும் அதிகம் அடைக்காது. பலர் மாறி மாறிப் பயன்படுத்தலாம். தனியொருவர் வீட்டில் ஆடம்பரமாகும் பொருள், நூறு குடும்பங்களுக்குப் பொதுவாகும்போது பயனுள்ள தர்மமாகிறது.

குறிப்பாக இரண்டு சாராரை நினைவூட்டுகிறோம். ஒருவர், நம் வீட்டுப் பெண்கள். குழந்தையைத் தூக்கி, மாமியாரைத் தாங்கி, வீட்டைச் சுமக்கும் கைகள் அவர்களுடையவை. அவர்களின் உடல்நலத்துக்கென்று நாம் ஊரில் ஒதுக்கிய இடம் எது என்று கேட்டால் நம்மிடம் பதில் உண்டா? மற்றவர், கால் இயங்காதோர். இந்தப் பொறியின் முன்னே சக்கர நாற்காலியை நிறுத்தி, அமர்ந்தபடியே கயிற்றை இழுக்க முடியும். கால்களின் துணையின்றி இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல உழைப்புத் தரும் கருவிகள் மிகச் சிலவே. அவற்றில் இது ஒன்று. குளிர்கால பாராலிம்பிக்கில் அமர்நிலைப் பனிச்சறுக்கு வீரர்கள் கைகளின் வலிமையால் மட்டுமே பல கிலோமீட்டர் தூரம் செல்கிறார்கள். மஹல்லாவின் ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு இது திறந்துவிடும் கதவு சிறியதன்று.

தொடங்குவோர் கவனத்திற்கு

கைகளால் செய்யும் பயிற்சி, அதே அளவு வேலையைக் கால்களால் செய்வதைவிட இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் அதிகமாக உயர்த்தும். ஆகவே இதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள் இறுக்கம் அதிகம் வருவதுண்டு. கையைத் தலைக்கு மேல் தூக்கும்போதே வலித்தால், முதலில் அதற்குச் சிகிச்சை பெறுவதே முறை.

பொறியின் முன்னே பாதங்களை இடுப்பகல இடைவெளியில் வைத்து நிற்க வேண்டும். முழங்கைகள் சற்றே மடிந்திருக்கக் கைப்பிடிகளைத் தலைக்கு மேலே பிடிக்க வேண்டும். இழுப்பை வயிற்றிலிருந்து தொடங்கி, முதுகை நேராக வைத்து இடுப்பில் மடங்கி, கைகளைத் தொடைகளைத் தாண்டிக் கீழே கொண்டுவர வேண்டும். இழுக்கும்போது மூச்சை வெளியே விட்டு, நிமிரும்போது உள்ளே இழுத்தால் களைப்புக் குறையும். கைகளால் மட்டுமே இழுப்பதும், உட்காருவதுபோல் ஆழமாக முழங்காலை மடக்குவதும் புதியவர் செய்யும் தவறுகள். நெம்புகோலை நடு அளவுக்குக் கீழேயே வைத்து, அரை நிமிடம் இழுத்து ஒரு நிமிடம் ஓய்வெடுத்து, ஐந்தாறு முறை செய்தால் முதல் வாரத்துக்குப் போதும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் போதுமானவை. இறைவனுக்கு உவப்பான அமல், சிறியதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று கற்ற நமக்கு, உடற்பயிற்சியிலும் அதே ஒழுங்கு பொருந்தும்.

முடிவாக ஒன்று. நம் பிள்ளைகள் புயத்தை வளர்க்க விரும்பினால் தடுக்காதீர்கள், பரிகாசமும் செய்யாதீர்கள். அந்தப் புயம் எதற்கு என்று மட்டும் அவர்களோடு அமர்ந்து பேசுங்கள். நன்னியின் தண்ணீர்க் குடத்தை வாங்கிக்கொள்ள, அத்தாவைப் படுக்கையிலிருந்து எழுப்ப, அண்டைவீட்டாரின் சுமையில் ஒரு முனையைப் பிடிக்க, ஜனாஸாவின் சந்தூக்கை மையவாடி வரை தோள் மாற்றாமல் சுமக்க, முதுமையில் ஸஜ்தாவிலிருந்து தானே எழ. இத்தனைக்கும் வேண்டிய வலிமையே மத்யன் நீர்த்துறையில் நம்பகத்தோடு சேர்ந்து நின்ற வலிமை.

நம் கைகளுக்கு வலிமையையும், அந்த வலிமைக்கு நம்பகத்தையும், இறுதி மூச்சு வரை தன் முன்னால் பணிந்து எழும் ஆற்றலையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.